ராணுவத்துக்கு சப்ளை செய்ய ஒரு சிறு பட்டறைக்கு உண்மையில் என்ன வேண்டும்?

கேள்வி கேட்டவர் இரண்டு சிஎன்சி லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து வாகன உதிரிபாகங்கள் செய்கிறார். ராணுவத்துக்கு சப்ளையர் ஆக எங்கே பதிவு செய்ய வேண்டும், என்ன சான்றிதழ் வாங்க வேண்டும், தெரிந்த ஆள் இல்லாமல் நுழைய முடியுமா, கமிஷன் கொடுத்தால் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறாரே, அவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். எந்த நாட்டில் இருக்கிறார் என்று எழுதவில்லை. நான்கு கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான உலகமா, சின்னப் பட்டறைக்காரர் உள்ளே போனால் பிழைக்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பதிவு செய்வது எப்படி என்பது அதில் ஒரு சின்னப் பகுதி.

நான் பல வருடங்கள் வாங்குகிற பக்கம் உட்கார்ந்தவன். சப்ளையர் பட்டறைகளுக்குப் போய் ஆடிட் செய்வது, முதல் சாம்பிளை அளந்து பார்ப்பது, ரிஜெக்ட் ஆன லாட்டுக்குக் காரணம் தேடுவது என்று உலோக உதிரிபாகங்களிலேயே காலம் போனது. அதனால் மெஷினிங், வார்ப்பு, ஃபோர்ஜிங், பிளேட்டிங் பற்றித் தைரியமாகச் சொல்வேன். மின்னணு, மென்பொருள், வெடிமருந்து பக்கம் எனக்கு அனுபவம் கிடையாது. அங்கே வேலை செய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் ராணுவங்கள் பொருள் வாங்கும் முறையின் அடிப்படை எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த சில நாடுகளின் விதிகளை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கமிஷன் ஆளை முடித்துவிடுவோம். நம்ப வேண்டாம். ஆர்டர் கிடைத்தால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டு வருகிறவரை வைத்து ஒப்பந்தம் வாங்குவது பல நாடுகளில் சட்டச் சிக்கல். அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட வெற்றிக் கட்டணத்தைத் தடுக்கும் உறுதிமொழியே ஒரு பிரிவாக இருக்கிறது. முறையாக நடக்கும் ஏஜென்சிகளுக்கும் சொந்த ஊழியர்களுக்கும்தான் அதில் விலக்கு. இந்தியாவில் பெரிய ராணுவக் கொள்முதல்களில் லஞ்சம் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்ற நேர்மை உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். மீறினது தெரிந்தால் ஒப்பந்தம் போவதோடு நிற்காது, உங்கள் பெயர் தடைப் பட்டியலுக்குப் போகும். டிராயிங் படிக்க, டெண்டர் தாள்களை நிரப்ப உதவி வேண்டுமானால் தாராளமாக ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள். ஆர்டரில் பங்கு என்று பேச வேண்டாம்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். இது அலுப்பான வேலை, ஆனால் கஷ்டமான வேலை இல்லை. அமெரிக்காவில் சாம் என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அரசு அலுவலகம் போலவே கடிதம் அனுப்பி, பதிவைப் புதுப்பிக்கிறோம் என்று பணம் பிடுங்கும் கம்பெனிகள் உண்டு, ஜாக்கிரதை. இந்தியாவில் ஜெம் என்ற அரசு இணையச் சந்தை 2016 முதல் இருக்கிறது. அங்கே சிறு தொழில் பதிவு இருப்பவருக்கு டெண்டர் முன்வைப்புத் தொகையில் விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அப்புறம் கேஜ் கோடு என்று ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று. நேட்டோ உருவாக்கிய வகைப்பாட்டு முறையில் உங்கள் நிறுவனத்துக்கான அடையாளம் அது. நேட்டோவில் இல்லாத இந்தியா போன்ற பல நாடுகளும் இந்த முறையில் சேர்ந்திருக்கின்றன.

இந்த வகைப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு பட்டறைகள் இதைப் பயன்படுத்தத் தெரியாமல் விட்டுவிடுகின்றன. ராணுவக் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை, அடுத்த இரண்டு நாடு, மீதி ஏழு அந்தப் பொருளுக்கே உரிய எண். 5305 என்று தொடங்கினால் ஸ்க்ரூ, 5306 என்றால் போல்ட், 5310 என்றால் நட்டும் வாஷரும், 3120 என்றால் புஷ் (தண்டைத் தாங்கும் குழல் போன்ற உறை) வகை பேரிங். உங்கள் மெஷினில் என்ன ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அது எந்தெந்த வகைக்குள் வருகிறது என்று எழுதிக்கொண்டு, அந்த எண்ணை வைத்து டெண்டர்களைத் தேடுங்கள். அமெரிக்க ராணுவத்தின் தளவாட முகமை இப்படி எண் வாரியாக உதிரிபாகத் தேவைகளை இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் 2020இல் தொடங்கிய ஸ்ருஜன் தளத்தில், இதுவரை இறக்குமதி செய்த எந்தப் பொருள்களை உள்நாட்டில் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். எதற்கும் விலை போடாமல் சில மாதங்கள் இந்தப் பட்டியல்களை மட்டும் படித்தாலே சந்தை புரிய ஆரம்பிக்கும். எதை அடிக்கடி வாங்குகிறார்கள், ஒரு தடவைக்கு எத்தனை எண்ணம், முன்பு யாருக்குப் போனது என்பதெல்லாம் பல இடங்களில் வெளிப்படையாகவே இருக்கும்.

ஆனால் என் கருத்து, விதி இல்லை, கருத்துதான்: முதல் ஆர்டரை நேராக ராணுவத்திடம் தேடாதீர்கள். ராணுவம் டாங்கியை வாங்குகிறது, டாங்கிக்குள் இருக்கும் புஷ்ஷைப் பெரும்பாலும் டாங்கி செய்கிறவர்தான் வாங்குகிறார். அவர்கூட நேராக வாங்காமல், கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறவரிடம் விட்டிருப்பார். அந்த கியர்பாக்ஸ்காரருக்குத்தான் உங்களைப் போன்றவர் தேவை. சிறியவர்களுக்கு இவ்வளவு பங்கு கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் மேலே இருக்கிறவர்களுக்கு உண்டு. இந்தியாவில் மத்திய அரசு நிறுவனங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. அமெரிக்காவில் அரசின் நேரடி ஒப்பந்தங்களில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்கு என்று இலக்கு இருக்கிறது, பெரிய ஒப்பந்தக்காரர்களும் துணை ஒப்பந்தத் திட்டம் கொடுக்க வேண்டும். அதனால் அவர்களுடைய வெண்டர் டெவலப்மென்ட் (புது சப்ளையர்களைத் தேடி வளர்க்கும்) பிரிவில் ஒருவர் உங்களைப் போன்ற ஆளைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். இரண்டாம், மூன்றாம் அடுக்கில் நுழைந்தால் டெண்டர் சம்பிரதாயங்கள் குறைவு, டிராயிங்கில் சந்தேகம் வந்தால் ஃபோனில் கேட்க ஓர் இன்ஜினியர் இருப்பார். லாபம் குறையும், அது உண்மை. அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த ஃபீஸாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய சிறு நிறுவன ஆராய்ச்சித் திட்டம், இந்தியாவில் 2018இல் வந்த ஐடெக்ஸ் போன்றவை புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கானவை. கொடுத்த டிராயிங்குக்கு உதிரிபாகம் செய்கிறவருக்கு அவை பொருந்தாது. சொந்த வடிவமைப்பு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாகனத் துறையில் கொடுத்த அனுபவம் இருப்பதால் துல்லியம் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது என்றே நினைக்கிறேன். பத்து மைக்ரானைப் பிடிக்கிற பட்டறைகள் ராணுவ வேலையில் தோற்றுப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பாகம் நன்றாகவே இருந்தது, அது நன்றாக இருக்கிறது என்பதற்கான ஆதாரம்தான் இல்லை. ராணுவம் வாங்குவது பொருளை மட்டும் இல்லை, அதன் ஜாதகத்தையும் சேர்த்துத்தான். எந்த உருக்கு ஆலையில் எந்தத் தடவை காய்ச்சிய உருக்கில் பிறந்தது, யார் கடைந்தார், எந்த அடுப்பில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் ஹீட் ட்ரீட்மென்ட் ஆனது, அளந்த கருவி கடைசியாக எப்போது கேலிபரேட் ஆனது (சரியாக அளக்கிறதா என்று சோதித்தது) என்று எல்லாமே பின்னோக்கித் தேடினால் கிடைக்க வேண்டும்.

இதைக் காகிதப் பைத்தியம் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. 1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல் ஆழ்கடல் சோதனையில் மூழ்கி, உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள். கடல்நீர்க் குழாயின் பற்றவைத்த இணைப்பு ஒன்று விட்டுப்போனதுதான் தொடக்கம் என்பது விசாரணையின் முடிவு. கப்பலே கடலடியில் சிதறிப்போனதால் அதை நேரடியாக நிரூபிக்க வழியில்லை, மிகச் சாத்தியமான காரணம் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அதற்கு அப்புறம் வந்த மாற்றத்தில் சந்தேகம் இல்லை. சப்சேஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆழத்தில் கப்பலைக் காப்பாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும், ஒவ்வொரு வெல்டுக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும், ஆதாரம் இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்கவில்லை என்று கணக்கு. இன்றைக்கு உங்களிடம் ஒரு புஷ்ஷுக்கு ஐந்து சான்றிதழ் கேட்பது இந்த மனப்பான்மையின் தொடர்ச்சி.

இன்னொரு சம்பவம், இது உற்பத்தியாளர் பக்கத்திலிருந்து. அமெரிக்காவின் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை கடற்படை நீர்மூழ்கிகளுக்கு உருக்கு வார்ப்புகள் செய்தது. அங்கே இருந்த உலோகவியலாளர் 1985 முதல் 2017 வரை 240க்கும் மேற்பட்ட உருக்கு வார்ப்பு லாட்களின் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதியிருந்தார். பூஜ்யத்துக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட் கீழே முறிவு வலிமை பார்க்கும் சோதனை அது. அவ்வளவு குளிரில் கடல்நீர் இருக்காதே, முட்டாள்தனமான நிபந்தனை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. ஆனாலும் நிறுவனம் ஏறத்தாழ 109 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது, அவருக்கு 2022இல் 30 மாதச் சிறை கிடைத்தது. ஒரு நிபந்தனை அர்த்தமில்லாதது என்று உங்களுக்குத் தோன்றலாம், சில சமயம் அது சரியாகவும் இருக்கும். அப்போது செய்யக்கூடியது விதிவிலக்கு கேட்டு எழுதுவது மட்டும்தான். டீவியேஷன், கன்செஷன் என்று அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கேட்டால் பல நேரம் கொடுக்கவும் செய்கிறார்கள். நாமே முடிவெடுத்து ரிப்போர்ட்டில் எண்ணை மாற்றினால் அது மோசடி, சிறியவர் பெரியவர் என்று பார்க்க மாட்டார்கள்.

பட்டறைத் தரையில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதல் வேலை பார் ஸ்டாக்கில், அதாவது வாங்கி வைக்கும் உலோகக் கம்பியில் தொடங்குகிறது. கம்பியின் ஒரு முனையில்தான் ஹீட் நம்பர், அதாவது ஆலையில் எந்தத் தடவை காய்ச்சிய உருக்கு என்று காட்டும் எண், அடித்திருக்கும். அந்த முனையை முதலில் வெட்டிவிட்டால் மீதிக் கம்பி அனாதை. வெட்டுவதற்கு முன் எண்ணை மறுபக்கத்துக்கு மாற்றி எழுதுவது, மிச்சத்துண்டைத் தனி ரேக்கில் வைப்பது, ஒரே டப்பாவில் இரண்டு ஹீட் கலக்காமல் பார்ப்பது, இதெல்லாம் பணம் செலவில்லாத பழக்கங்கள். பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஆடிட்டுக்குப் போகும்போது நான் மெஷின்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மிச்சத்துண்டு ரேக்குக்குப் போய், ஒரு துண்டை எடுத்து இதன் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்கள் என்று கேட்பேன். அங்கேயே பாதி ஆடிட் முடிந்துவிடும்.

அடுத்தது வெளியே கொடுத்து வாங்கும் வேலைகள். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், வெல்டிங், விரிசல் சோதனை போன்றவற்றில் குறை இருந்தாலும் முடிந்த பாகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அவற்றுக்குத் தனி அங்கீகாரம் கேட்கிறார்கள். விமானத் துறையில் நாட்கேப் என்பார்கள். உதாரணத்துக்கு, உயர் வலிமை உருக்கில் காட்மியம் பிளேட்டிங் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பல நாள் கழித்துச் சுமையில் திடீரென்று உடையலாம். பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பிளேட்டிங்காரர் சோம்பல்பட்டு மறுநாள் காலை வைத்தால் பாகம் பார்க்கப் பளபளவென்று அப்படியேதான் இருக்கும். அதனால் உங்கள் பக்கத்தில் தகுதியான பிளேட்டிங்காரர் இருக்கிறாரா என்பதை விலை போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காட்மியம் நச்சு என்பதால் அதைச் செய்கிறவர்களே குறைந்துவிட்டார்கள், ஆனால் பழைய டிராயிங்குகளில் அது இன்னும் இருக்கிறது.

பழைய டிராயிங் என்றதும் இன்னொன்று. நாற்பது, ஐம்பது வருடப் பழைய டிராயிங்குகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் குறிப்பிட்ட தரவிதி ரத்தாகியிருக்கும், அல்லது வேறு எண்ணுக்கு மாறியிருக்கும். 1994இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, முடிந்த இடங்களில் ராணுவத் தரவிதிகளுக்குப் பதிலாக வணிகத் தரவிதிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு நிறைய விதிகள் கைமாறின. ஒரு தாள் டிராயிங் பத்து விதிகளைச் சுட்டும், ஒவ்வொன்றும் இன்னும் இரண்டை இழுத்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும் படித்து முடிக்காமல் விலை போடாதீர்கள். பேக்கிங்கைக்கூட விடாதீர்கள். அமெரிக்க ராணுவத்தில் பேக்கிங்குக்கு ஒரு விதி, பெட்டி மேல் குறியிட ஒரு விதி, பாகத்தின் மேல் குறியிட வேறொரு விதி என்று இருக்கிறது. நாற்பது பாகம் கொண்ட சின்ன ஆர்டரில், ஈரம் புகாத உறையும் லேபிளும் மெஷினிங் செலவைத் தாண்டிப் போவது சகஜம். புதியவர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

சான்றிதழ் கேட்டீர்கள். ஐஎஸ்ஓ 9001 என்ற பொதுவான தர மேலாண்மைச் சான்றிதழ் இல்லாமல் தொடங்குவது கஷ்டம், அதைச் செய்துவிடுங்கள். விமானப் பாகங்கள் என்றால் அந்தத் துறைக்கே உரிய ஏஎஸ் 9100 சான்றிதழ் கேட்பார்கள். அதை ஆர்டரே இல்லாமல் முன்கூட்டி வாங்கி வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆண்டுதோறும் பராமரிக்கச் செலவு உண்டு. வாங்குகிறவர் ஒருவர் அது இருந்தால் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு போனால் போதும். அதற்கு முன் முதல் சாம்பிள் அறிக்கையை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். டிராயிங்கில் இருக்கும் ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு குறிப்புக்கும் வட்டமிட்டு எண் கொடுத்து, எதிரே அளந்த மதிப்பு, எந்தக் கருவியில் அளந்தது என்று எழுதுவது. சான்றிதழ் இல்லாத பட்டறைகூட இதைச் சுத்தமாகக் கொடுத்தால் கதவு திறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உயிர் ஆபத்து சம்பந்தப்பட்ட பாகங்களில் இது செல்லாது. அவற்றை முன்பே அங்கீகரித்த ஆட்களிடம் மட்டுமே வாங்குவார்கள், புதியவர் சேர நீண்ட சோதனை உண்டு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாமல் கவர், பிராக்கெட், ஸ்பேசர் என்று எடுங்கள்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும், இது இப்போது செலவாகவே மாறிவிட்டது. வாட்ஸ்ஆப்பில் டிராயிங் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அமெரிக்க ஏற்றுமதிச் சட்டப்படி ராணுவ டிராயிங்கை அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத ஒருவருக்குக் காட்டுவதே பொதுவாக ஏற்றுமதிதான், அவர் உங்கள் பட்டறையிலேயே வேலை செய்தாலும். ரகசியம் என்ற வகையில் வராவிட்டாலும் கட்டுப்பாட்டுக் குறியிட்ட தகவலைக் கணினியில் வைத்திருக்கும் துணை ஒப்பந்தக்காரர்கள் 110 பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள். அதைச் சரிபார்க்கும் முறை 2025 நவம்பரிலிருந்து ஒப்பந்தங்களில் படிப்படியாக வர ஆரம்பித்திருக்கிறது. சிறு பட்டறைக்கு இது கனமான சுமை. டிராயிங்குக்கென்று இணையத்தில் சேராத தனிக் கணினி வைப்பது எல்லா இடத்திலும் நல்ல தொடக்கம், ஆனால் அதுவே போதுமா என்பதை உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் பணப்புழக்கத்தில் இருக்கிறது. மூலப்பொருளுக்கு முன்பணம் உங்களுடையது, முதல் சாம்பிள் ஒப்புதலுக்குக் காத்திருப்பது உங்கள் வட்டியில், இன்ஸ்பெக்டர் வரத் தாமதமானால் பில் போட முடியாது, ஆனால் டெலிவரி தாமதத்துக்கு அபராதம் உங்கள் தலையில். சட்டம் உங்கள் பக்கம்தான். இந்தியாவில் 2006ஆம் வருடச் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அமெரிக்காவில் பொதுவாக 30 நாள். ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? அதனால் ராணுவ வேலை மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்த அளவுக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது, பட்டறைகள் விழுந்ததையும் நின்றதையும் பார்த்து நான் வைத்திருக்கும் கணக்கு. ஆர்டர் ஏறி இறங்கும் வேகமும் பயங்கரம். உக்ரைன் போருக்கு முன் அமெரிக்கா மாதம் சுமார் 14,000 எண்ணம் செய்த 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்கு, போருக்குப் பின் ஒரு லட்சம் இலக்கு வைத்தார்கள். இப்படி ஏறும்போது எல்லாரையும் மெஷின் வாங்கச் சொல்வார்கள். கடனில் வாங்கிய மெஷின் மட்டும் இறங்கும்போது இறங்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் சிறு நிறுவனங்களின் எண்ணிக்கை பத்து வருடத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று அந்தத் துறையே 2022இல் சொன்னது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கை உறுதி இல்லாமல் புது மெஷின் போடாதீர்கள்.

எவ்வளவு நாளில் முதல் ஆர்டர் வரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் சந்தேகப்படுங்கள். நான் பார்த்த பட்டறைகளில் வருடத்துக்குக் குறைவாக ஆனது அபூர்வம். அதுவரை வாகன வேலையை விடாதீர்கள். அந்த வேலையிலேயே ஒரே ஒரு பாகத்தை எடுத்து, ராணுவத்துக்குப் போவது மாதிரி முழு ஆவணத்தோடு செய்து பாருங்கள். ஹீட் நம்பரிலிருந்து பேக்கிங் வரை. அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வெண்டர் டெவலப்மென்ட் ஆளைப் போய்ப் பாருங்கள், மெஷின் பட்டியலைவிட அது அதிகம் பேசும். ஆர்டர் வந்த பிறகு ஆவணங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கும். அதைத் தேடிப் படித்து, ஈரமும் கரையானும் வராத ஓர் அலமாரியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.